பைக் சங்கம் தொடங்க நினைக்கும் தம்பிக்கு

கேள்வி இதுதான். கோண்டாவில் பக்கத்தில் பதினைந்து, இருபது இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிட்டு கசூரினா, மணற்காடு, சங்குப்பிட்டி என்று மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய் வருகிறார்கள். சந்திக்குச் சந்தி பொலிஸ் மறிக்கிறது. ஊர்ச்சனம் ‘வாள்வெட்டுக் குழு போகுது’ என்று படலையைச் சாத்துகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மோட்டார் சைக்கிள்காரரின் உரிமைக்கென்றே சங்கங்கள் இருக்கின்றனவாம். யாழ்ப்பாணத்திலும் அப்படி ஒன்று தொடங்கலாமா, எதிலிருந்து தொடங்குவது, என்ன நிகழ்ச்சி வைத்தால் சனம் வரும் என்று அவர்களில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தொடங்கலாம் தம்பி. ஆனால் பெயர்ப்பலகைக்கும் ஜக்கெற்றுக்கும் காசு சேர்க்க முதல் ஒரு நாள் காலை ஏழரைக்குத் திருநெல்வேலிச் சந்தியில் வந்து நில்லுங்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டியில் போகும் ரீச்சர், முன்னால் பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டு போகும் தகப்பன், பின் கரியரில் மீன்பெட்டி கட்டிய பழைய ஹொண்டா செவன்ரிக்காரர், சாந்துச் சட்டியும் மண்வெட்டியுமாகப் போகும் மேசன், வெங்காயச் சாக்கை வைத்துக்கொண்டு சந்தைக்கு வரும் இணுவில் கமக்காரர். இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்தான். யாழ்ப்பாணத்தில் அதைச் சொல்லிக் காட்டவே தேவையில்லை, றோட்டைப் பார்த்தால் தெரியும். உங்கள் சங்கம் 200 சிசிக்கு மேல் வைத்திருப்பவர்களின் சங்கமாக இருந்தால் அது ஒரு நட்பு வட்டம், அவ்வளவுதான். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் உரிமை என்று கேட்கப் போனால் அந்த மீன்பெட்டிக்காரர் உங்களோடு நிற்க வேண்டும். அவர் நிற்கிற மாதிரி ஒரு சங்கம் எப்படிக் கட்டுவது என்றுதான் நான் எழுதப் போகிறேன். பத்தொன்பது வருடம் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தவன் நான். இரண்டு தடவை சங்கம் தொடங்கி, ஒரு தடவை உடைந்தும் போனவன்.

வெளிநாட்டுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பிரிட்டனில் 1973இல் ஹெல்மட் கட்டாயமானது. அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் ‘மாக்’ (Motorcycle Action Group) என்ற மோட்டார் சைக்கிள்காரர் அமைப்பு அதே வருடம் உருவானது. ‘தலை என்னுடையது, போடுவதும் விடுவதும் என் விருப்பம்’ என்பது அவர்களின் வாதம். பிரெட் ஹில் என்று ஒரு முதியவர், உலகப் போரில் மோட்டார் சைக்கிளில் இராணுவச் செய்தி கொண்டு ஓடியவர், ஹெல்மட் போடாமல் ஓடி ஓடி, தண்டம் கட்ட மறுத்து மறுத்து, கடைசியில் 1984இல் இலண்டன் பென்ரன்வில் சிறையில் இருந்தபோதே இறந்தார். 1976இல் தலைப்பாகை கட்டும் சீக்கியருக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அமெரிக்காவிலும் இதே சண்டைதான். ஹெல்மட் சட்டம் போடாத மாநிலங்களுக்கு வீதிப் பணத்தைக் குறைப்போம் என்று 1966இல் மத்திய அரசு நெருக்கியது. மோட்டார் சைக்கிள்காரர் திரண்டு நின்றதும் சேர்ந்து, 1976இல் காங்கிரஸ் அந்த நெருக்குதலை எடுத்துவிட்டது. பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. ஆட்கள் எப்படித் திரண்டார்கள், அரசியல்வாதியை எப்படிப் பிடித்தார்கள் என்பதைப் படியுங்கள். எதற்காகத் திரண்டார்கள் என்பதை அங்கேயே விட்டுவிடுங்கள். ஹெல்மட் சாவை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். யாழ். போதனா வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு வாசலில் ஒரு சனிக்கிழமை இரவு நின்றவனுக்கு அந்த வீதக்கணக்கும் தேவையில்லை.

எங்களிடமும் ஒரு ஹெல்மட் போராட்டம் நடந்தது. அது நேர்மாறானது. முகம் முழுக்க மூடும் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு கொள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி, 2015இல் பொலிஸ் அதைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. மோட்டார் சைக்கிள்காரர் எதிர்த்தார்கள், வழக்குப் போனது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி இடைக்கால உத்தரவு கொடுத்தது. அங்கே ஹெல்மட் வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள், இங்கே நல்ல ஹெல்மட்டை விடமாட்டோம் என்று போனார்கள். இந்த நாட்டில் மோட்டார் சைக்கிள்காரர் சேர்ந்து நின்று எதையாவது வென்றார்கள் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். உங்களுடைய முன்மாதிரியாக மாக்கை விட இதை எடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு மோட்டார் சைக்கிள் வெறும் வாகனம் இல்லை என்பதை உங்கள் வயதுக்காரருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடினோம். அப்புவின் ஹொண்டா சி-நைன்ரி மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. வெளிக்கிட முதல் பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் நாலு சொட்டு காபரேற்றருக்குள் விட்டு, மிதிமிதி என்று மிதித்தால் ஒரு இருமல் இருமும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். பின்னால் வெள்ளைப் புகை ஒரு ஒழுங்கை நீளத்துக்கு நிற்கும். வழியில் நின்றுவிட்டால் திரும்பவும் அந்த நாலு சொட்டு வேண்டும். அதனால் சந்தியில் ஆளைக் கண்டு கதைக்கிறபோதுகூட இஞ்சினை நிற்பாட்ட மாட்டார்கள். அந்த வண்டிகளில்தான் பிள்ளைப்பேற்றுக்குப் பெண்களைக் கொண்டுபோனார்கள். 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் பெற்றோல் கொடுத்தபோது எங்கள் வயதுக்காரருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அப்போதும் ஒரு விஷயம் உறுத்தியது. பாசையூரில் மீன் எடுத்துக் கொடிகாமம் வரை கொண்டுபோய் விற்பவருக்கும் 4 லீற்றர், கோயிலுக்கு மட்டும் எடுக்கும் வண்டிக்கும் 4 லீற்றர். தொழிலுக்கு ஓடுபவருக்குக் கூட்டித் தாருங்கள் என்று மாவட்டச் செயலகத்தில் போய்ச் சொல்ல ஓட்டோக்காரருக்குச் சங்கம் இருந்தது, பஸ்காரருக்கு இருந்தது. மோட்டார் சைக்கிள்காரருக்கு ஆள் இல்லை.

சரி, பொலிஸ் மறிப்பதற்கு வருவோம். உங்கள் கோபம் நியாயமானது, அதற்கு இந்த ஊரில் காரணமும் இருக்கிறது. 2016 ஒக்டோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியடியில் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டுச் சம்பவத்தில் உயிரிழந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிறகு ஐந்து பொலிஸார் கைதானார்கள். அதே காலத்தில் வாள்வெட்டுக் குழுக்களும் மோட்டார் சைக்கிளில்தான் வந்தன என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆக, இருட்டில் இரண்டு பேர் ஒரு பைக்கில் வந்தால் பொலிஸுக்கும் சந்தேகம், பொலிஸ் கை காட்டினால் பெடியளுக்கும் பயம். அந்தப் பயத்தில் நிறுத்தாமல் ஓடுவதுதான் மிக ஆபத்து. நிறுத்துங்கள், இஞ்சினை அணையுங்கள், ஹெல்மட்டைக் கழற்றி முகத்தைக் காட்டுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்? சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ். 100 சிசிக்கு மேற்பட்ட வண்டியை ஏ1 லைசென்ஸில் ஓட்டிவிட்டு உரிமை கதைக்க முடியாது. கராஜில் எனக்குத் தெரிந்து அரைவாசிப் பிரச்சினை இதில்தான் தொடங்கும். வீதிக் குற்றத்துக்குத் தண்டம் என்று குற்றப்பத்திரம் எழுதினால் லைசென்ஸை வாங்கிக்கொண்டு தரும் துண்டுதான் 14 நாளுக்கு உங்கள் தற்காலிக அனுமதி. அந்த 14 நாளுக்குள் தபாலகத்தில் தண்டத்தைக் கட்டலாம். தவறினால் 28ஆம் நாள் வரை இரண்டு மடங்கு. அதையும் விட்டால் நீதிமன்றம். றோட்டில் வைத்துக் கையில் காசு கொடுக்கிற முறை சட்டத்தில் இல்லை. ‘அண்ணை, துண்டை எழுதுங்கோ, நான் போஸ்ற் ஒபிசில கட்டுறன்’ என்று மரியாதையாகச் சொல்லப் பழகுங்கள். அந்த ஒரு வசனத்தைச் சங்கத்தில் எல்லோருக்கும் பாடமாக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

அதற்கு மேலே போனால் மொழி. அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைக்காதீர்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அடித்தால், காரணமில்லாமல் பிடித்து வைத்தால், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. இது பலருக்குத் தெரியாமல் கெட்டுப்போகிறது. சங்கத்துக்கு ஒரு சட்டத்தரணியைத் தெரிந்து வைத்திருப்பது பத்து ஸ்ரிக்கர் அடிப்பதை விடப் பெரிய காரியம்.

இனி றோட்டு. என்னைக் கேட்டால் சங்கம் தொடங்க வேண்டிய இடமே இதுதான். காருக்குக் குழி என்றால் ஒரு குலுக்கல். மோட்டார் சைக்கிளுக்கு அது கை முறிவு. தண்ணீர்க் குழாய் தாழ்க்க வீதியைக் குறுக்கே வெட்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போன இடங்கள் எத்தனை! மணல் ரிப்பர் சிந்திவிட்டுப் போகும் முடக்குகள், வர்ணம் பூசாத வேகத்தடைகள், மாசி பங்குனியில் தென்மராட்சி, பரந்தன் பக்கம் தாரில் காயும் நெல், இரவில் ஏ9இல் நடுவீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள். 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது. தண்டவாளத்தைக் கண்டால் நின்று பார்க்கிற பழக்கமே இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டிருந்தது. காவலாளி இல்லாத கடவைகளில் அதன் விலையைக் கொடுத்தோம்.

இதற்கெல்லாம் யாரிடம் போவது என்பதில்தான் ஆட்கள் களைத்துப் போகிறார்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. ஏ9, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி எல்லாம் அதில் அடங்கும். சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ மாநகர சபைக்கோ. பிழையான கந்தோருக்குக் கடிதம் கொடுத்தால் ‘எங்கட றோட்டு இல்லை’ என்ற ஒரு வசனத்தோடு அந்த வருடம் முடிந்துவிடும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் இடத்தில், மதவுக்குப் பக்கத்தில், குழாய்க்கு வெட்டிய கிடங்கு. கார்த்திகை மழையில் மண் இறங்கிவிட்டது. மேலே தண்ணீர் நின்றால் வீதி சமமாக இருப்பதுபோலத் தெரியும். ரியூசன் விட்டு வந்த ஒரு ரீச்சர் அதற்குள் முன்சில்லை விட்டு விழுந்தார். தோள்மூட்டு விலகிவிட்டது. வாயால் சொன்னோம், ‘பாப்பம்’ என்றார்கள். இரண்டாம் முறை போனபோது, குழாய் தாழ்த்த கொந்துராத்துக்காரரைக் கேளுங்கள் என்றார்கள். பிறகுதான் ஒரு வெயில் நாளில் அடிமட்டத்தைக் கிடங்குக்குள் நிறுத்திப் படம் எடுத்தோம். ஒன்பது அங்குலம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்றே மூன்று கேள்வி எழுதினோம். இந்த வீதி யாருடைய பொறுப்பில் இருக்கிறது? வெட்ட அனுமதி கொடுத்தபோது திருத்திக் கொடுக்க என்ன நிபந்தனை போடப்பட்டது? அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று யார், எந்தத் திகதியில் வந்து பார்த்தார்? அவ்வளவுதான். திட்டவில்லை, அறிக்கை விடவில்லை. பதில் கடிதம் வருவதற்கு முதலே கல்லும் தாரும் வந்து இறங்கியது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. வேலை நாள் 14க்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியைக் குறுக்கிக் கேட்பதுதான் இதில் கெட்டித்தனம். ‘ஏன் யாழ்ப்பாணத்து றோட்டு எல்லாம் இப்படி?’ என்று கேட்டால் பதில் வராது.

அந்த ரீச்சர் இப்போது சங்கத்தின் பொருளாளர். தோள் சரிவந்ததும் தானாக வந்து சேர்ந்தார். கணக்குக் கொப்பி அன்றையிலிருந்துதான் ஒழுங்காக இருக்கிறது.

நிகழ்ச்சிகள் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் நினைப்பது நூறு பைக் வரிசையாகப் போவது. போகலாம். ஆனால் முதல் நிகழ்ச்சியாக அதை வைக்காதீர்கள். முதலில் ஒரு ஹெல்மட் நாள் வையுங்கள். உங்கள் ஊர்ச் சனசமூக நிலைய முற்றமே போதும். வருகிறவரின் ஹெல்மட்டை வாங்கி, நாடாவைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நாங்கள் வைத்த நாளில் ஒரு ஐயா தந்த ஹெல்மட்டின் கொழுக்கி என் கையோடு வந்துவிட்டது. ‘இது பொலிஸுக்குத்தானே தம்பி’ என்றார். சந்திக்கு நூறு யார் இருக்கும்போது தலையில் ஏறி, சந்தி தாண்டியதும் கண்ணாடிக் கம்பியில் தொங்குகிற ஹெல்மட் அது. உள்ளே இருக்கும் றெஜிபோம் நசிந்து கல்லாகிவிட்டதா, இலங்கைத் தரச்சான்று எஸ்எல்எஸ் 517 இருக்கிறதா, முகக்கண்ணாடி கீறி இரவில் வெளிச்சம் சிதறுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவருக்கும் வேண்டும், அது சட்டம். ஹெல்மட் இலவசமாகக் கொடுக்க வேண்டாம். இலவசமாகக் கொடுத்தால் படம் எடுக்கத்தான் ஆள் வரும். புது நாடா, புதுக் கொழுக்கி மாற்றிக் கொடுங்கள்.

வேறும் இருக்கின்றன. தைப்பொங்கலை ஒட்டிப் பட்டம் ஏறும் காலத்தில் வடமராட்சிப் பக்கம் அறுந்த நூல் வீதிக்குக் குறுக்கே கழுத்து உயரத்தில் கிடக்கும். வல்வெட்டித்துறைப் பட்டப்போட்டிக்கு நாடே வருகிறது. அதைக் குறை சொல்ல வேண்டாம், போட்டி முடிந்த அடுத்த நாள் காலை நாலு பேர் போய் வீதியோரம் நூல் பொறுக்குங்கள். மாட்டுக் கழுத்துக்கு வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி கட்டுவது இன்னொன்று. கமக்காரரோடு பகைக்காமல் செய்யலாம். கட்டாக்காலியைப் பிடித்து அடைக்கப் பிரதேச சபைக்கு அதிகாரம் உண்டுதான், ஆனால் மாட்டுக்காரர் உங்களைத் திட்டத் தொடங்கினால் ஊரில் சங்கம் நடத்த ஏலாது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வாகனத் தரிப்பிடங்களில் கட்டணச் சண்டை நடக்கும். மாநகர சபை நிர்ணயித்த கட்டணத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வாசலில் இரண்டு பேர் சும்மா நின்றாலே விலை இறங்கும். இரத்ததானம் எல்லோரும் வைக்கிறார்கள், நீங்களும் வையுங்கள். அதோடு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வரும்வரை விழுந்தவரை எப்படித் தொடுவது, ஹெல்மட்டை ஏன் இழுத்துக் கழற்றக் கூடாது என்று பழக்குங்கள். அந்தச் சேவை வடக்குக்கு வந்தது 2018 ஜூலையில். இன்னமும் விழுந்தவரை ஓட்டோவுக்குள் மடக்கி ஏற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஸ்கூட்டி ஓட்டும் பெண்களை மங்கல விளக்கு ஏற்ற மட்டும் கூப்பிடாதீர்கள். ஒழுங்கை முடக்கில் வெளிச்சம் இல்லை, பின்னால் வந்து சேட்டை விடுகிறார்கள், கராஜில் ஏமாற்றுகிறார்கள் என்று அவர்களிடம் உள்ள முறைப்பாடு உங்களிடம் உள்ளதை விட நீளம்.

பிறகு அந்தப் பெரிய ஓட்டம். அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு நடைபயணம் வந்தது. அந்தக் காசில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சனத்துக்கு அது இன்னமும் ஞாபகம், ஏனென்றால் கட்டடம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. பொது வீதியில் ஊர்வலம் போவதென்றால் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முதல் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், ஒலிபெருக்கிக்கு அனுமதி வேறு. நீங்கள் ஆறு மணித்தியாலம் பார்க்காமல் ஒரு வாரத்துக்கு முதலே போங்கள். கடிதத்தில் பாதையைக் குறித்து, எத்தனை வண்டி என்று எழுதி, பொறுப்பதிகாரியையும் தொடக்கி வைக்கக் கூப்பிடுங்கள். கொடி காட்டிய மனிதர் அடுத்த வாரம் உங்களை மறிக்க இரண்டு தரம் யோசிப்பார். சைலன்சரை வெட்டிய வண்டியை வரிசையில் சேர்க்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் பழமைவாதி என்று பெடியள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். விடிய ஆறு மணிக்கு ஊரை எழுப்பிவிட்டு, பத்து மணிக்கு அதே ஊரிடம் கையெழுத்துக் கேட்டுப் போக முடியாது.

பதிவு பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கிராம அலுவலரின் சிபாரிசோடு பிரதேச செயலகத்தில் ஒரு ஊர் அமைப்பாகப் பதியலாம், முதல் வருடம் சனசமூக நிலையத்தின் கீழ் ஒரு குழுவாகவே இயங்கலாம். வெளிநாட்டுக் காசை மட்டும் முதல் வருடம் தொடாதீர்கள். எங்கள் முதல் சங்கம் உடைந்தது கனடாவிலிருந்து வந்த ஒரு தொகையால்தான். காசு வரும்வரை பதினெட்டுப் பேரும் சகோதரம். வந்த பிறகு தலைவர் யார் என்பதே கூட்டத்தின் ஒரே நிகழ்ச்சிநிரல். ஆளுக்கு மாதம் ஒரு பால்தேத்தண்ணிக் காசு, அதற்கு ஒரு கொப்பி, அது போதும்.

வருகிற ஞாயிறு கசூரினாவுக்குத்தான் போகிறீர்கள் என்றால் போங்கள். போகிற வழியில் ஒரு அடிமட்டமும் சோக்குக் கட்டியும் கொண்டுபோய், சண்டிலிப்பாயிலிருந்து பொன்னாலை வரை உள்ள குழிகளுக்கு இலக்கம் போட்டு, ஆழத்தை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஐப்பசி பிறக்க முதல் செய்ய வேண்டும். தண்ணீர் நின்றுவிட்டால் ஆழம் எடுக்க முடியாது.